துண்டுக்குள் மூன்றாவது கை

துண்டுக்குள் மூன்றாவது கை வந்த திங்கட்கிழமை, வெள்ளியம்பாளையம் கார் சந்தையில் யாரும் அலறவில்லை, யாரும் ஓடவில்லை. தரகர் மாரப்பன் மட்டும் துண்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, உள்ளே விற்கிறவர் கை ஒன்று, வாங்குகிறவர் கை ஒன்று, ஆக இரண்டே கைகள் இருக்கக் கண்டு, மறுபடி மூடி, மூடிய துண்டின் மேல் மறுபடி மூன்று மேடு எழும்பக் கண்டு, "சரி, ஆரோ வந்திருக்கறாங்க, நீங்க வேலையப் பாருங்க" என்றார். வேலை நடந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இந்தத் துண்டு சமாச்சாரத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் மைதானத்தில் முன்பு மாடு விற்றார்கள், பிறகு கார் விற்க ஆரம்பித்தார்கள், ஆனால் தரகர்கள் மாறவில்லை, அவர்கள் தோளில் கிடந்த துண்டும் மாறவில்லை. மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்த அதே கைகள் இப்போது பானட்டைத் தூக்கி, ஆயில் மூடியைத் திறந்து, புகை வருகிறதா என்று பார்க்கின்றன, விலாவைத் தட்டிப் பார்த்த அதே விரல்கள் கதவைத் தட்டி, அடிபட்ட இடத்தில் பட்டி பூசி மறைத்திருக்கிறார்களா என்று கேட்கின்றன. விலையை மட்டும் எங்கள் ஊரில் வாயால் சொல்வதில்லை. வாயால் சொன்னால் பக்கத்தில் நிற்கிறவன் காதில் விழும், அவன் காதில் விழுந்தால் அடுத்த காரின் விலை கெடும். ஆகவே பானட்டின் மேல் துண்டை விரித்து, இந்தப் பக்கமிருந்து விற்கிறவர் ஒரு கையும் அந்தப் பக்கமிருந்து வாங்குகிறவர் ஒரு கையும் உள்ளே விட்டு, விரலைப் பிடித்துப் பேசிக்கொள்வார்கள்: ஒரு விரலைப் பிடித்தால் பத்தாயிரம், கையை முழுசாகப் பற்றினால் ஐம்பதாயிரம், உள்ளங்கையில் சுரண்டினால் ஐயாயிரம். பேசி முடித்ததும் இருவரும் தனித்தனியே தரகரின் காதில் விலையைச் சொல்ல வேண்டும். இருவர் சொன்னதும் ஒன்றாக இருந்தால் வியாபாரம் முடிந்தது, இரண்டு சாவியும் கைமாறும். அந்த இரண்டு சாவி முக்கியம். ஒற்றைச் சாவியோடு வந்த காரை எங்கள் ஊரில் யாரும் முழு விலைக்கு வாங்க மாட்டார்கள். இன்னொரு சாவி எவர் பையில் இருக்கிறதோ அவருக்கு அந்தக் கார் பாதி சொந்தம் என்பது எங்கள் கணக்கு.

அந்தத் திங்கட்கிழமை விற்க வந்தவர் ஓய்வு பெற்ற ஒரு டிரில் வாத்தியார், வாங்க வந்தவர் பூ வியாபாரி. வண்டி நாற்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, வீட்டுக்கும் கோயிலுக்கும் மட்டும்தான் போனது என்று வாத்தியார் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். பிரேக் பெடலின் ரப்பரோ தேய்ந்து தேய்ந்து வழவழவென்று மினுங்கி, அந்தக் கோயில் காசியில் இருந்தால்தான் உண்டு என்று எல்லோருக்கும் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. துண்டுக்குள் கை போய்ச் சற்று நேரத்தில் வாத்தியாரின் முகம் வியர்த்தது. இருவரும் வெளியே வந்து மாரப்பனின் காதில் சொன்ன விலை முதல் தடவையிலேயே ஒன்றாக இருந்தது. தன் ஆயுளில் அப்படி ஒன்றைக் கேட்டிராத மாரப்பன், சுண்டு விரலால் காதைக் குடைந்துவிட்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

"நடுவுல இன்னொரு கை வந்து என் மோதர வெரலப் புடிச்சுக்குச்சுங்க" என்றார் வாத்தியார். "மீட்டரத் திருப்புனது நாந்தானுங்கன்னு மனசுக்குள்ள ஒத்துக்கற வரைக்கும் உடவே இல்ல."

அதற்குப் பிறகு வாரா வாரம் அது வந்தது. யாருடைய துண்டு என்று பார்க்கவில்லை, பெரிய கார் சின்னக் கார் பார்க்கவில்லை. இரண்டு கைகள் உள்ளே போனதும் மூன்றாவது மேடு எழும்பும், அது நடுவில் இருந்துகொண்டு இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை போய்வரும், விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒருவரை ஒருவர் தொடவே வேண்டியதில்லை, கடைசியில் இருவர் விரலிலும் ஒரே விலை இருக்கும். அந்த விலையில் வாங்கியவர் ஏமாந்தோம் என்று புலம்பியதில்லை, விற்றவர் விட்டுவிட்டோம் என்று தூக்கம் கெட்டதில்லை.

அது யாருடைய கை என்பதில்தான் சந்தை இரண்டுபட்டது. கையைத் தொட்ட ஆண்கள் எல்லோரும் பொம்பளைக் கை என்றார்கள், பெண்கள் எல்லோரும் ஆம்பளைக் கை என்றார்கள், மெக்கானிக் பாபுஜான் மட்டும் அது ஆணும் இல்லை பெண்ணும் இல்லை, நகக்கண்ணில் கிரீஸ் இருக்கிறது, ஆகவே மெக்கானிக் என்றார். தரகர் சங்கத்தில் கூட்டம் போட்டு, வியாபாரத்தை முடித்துக் கொடுக்கிற கைக்குக் கமிஷனில் பங்கு உண்டா இல்லையா என்று பேசி, உண்டு என்று ஒப்புக்கொண்டு, பணமாகக் கொடுத்தால் எந்தப் பையில் போட்டுக்கொள்ளும் என்று தெரியாததால், ஏதாவது வாங்கிப் போடுவது என்று முடிவாயிற்று. டீக்கடைத் துளசிமணி ஒரு டஜன் கண்ணாடி வளையலைத் துண்டுக்குள் தள்ளிவிட்டாள். ஆம்பளைக் கை என்ற கட்சியினர் விட்டுக்கொடுப்பார்களா, அவர்களும் ஒரு வாட்ச்சை வாங்கித் தள்ளினார்கள். துண்டை எடுத்துப் பார்த்தபோது இரண்டும் இல்லை. அடுத்த வாரம் முதல் ஆண்களுக்குத் துண்டுக்குள் வளையல் குலுங்கும் சத்தம் கேட்டது, பெண்களுக்கு வாட்ச் ஓடும் சத்தம் கேட்டது, இரண்டு கட்சியும் தாங்கள் ஜெயித்ததாகவே சொல்லிக்கொண்டன.

கஷ்டங்களும் இல்லாமல் இல்லை. கியர் பாக்ஸுக்குள் மரத்தூளைப் போட்டுச் சத்தத்தை அமுக்கிக் கொண்டுவந்த ஒருவர், சுண்டு விரல் வீங்கிப்போய் வண்டியைத் திரும்ப ஓட்டிக்கொண்டு போனார். காருக்குச் சொல்கிற கை எல்லாவற்றுக்கும் சொல்லுமே என்று, தன் பையனுக்கு எவ்வளவு வரதட்சணை கேட்கலாம் என்று துண்டுக்குள் விசாரித்த மில்காரரை அது கிள்ளியே விட்டது. எல்லோரையும் விட அதிகமாக முனகியவள் துளசிமணிதான், ஏனென்றால் முன்பு ஒரு வியாபாரம் முடிய மூன்று டீ ஆகும், இப்போது பாதி டீ குடிப்பதற்குள் முடிந்துவிடுகிறது. மற்றவர்களுக்கும் உள்ளுக்குள் ஏக்கம்தான்: பொய் சொல்லி, கோபித்து, நடந்துபோய், திரும்பிக் கூப்பிடுவார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்து வாங்கின சுகம் நியாய விலையில் இல்லை. ஆகவே துண்டை விரிப்பதற்கு முன்னால் குறைந்தது இரண்டு டீக்காவது வாயால் சண்டை போட்டாக வேண்டும் என்று சங்கம் விதி செய்தது. அதன் பிறகு சந்தை பழையபடி இரைச்சலாயிற்று, கையும் அதன் பாட்டுக்கு வந்துபோனது, எங்களுக்கும் அது பழகிவிட்டது.

இப்படியிருக்கும்போதுதான் வளர்மதியும் ஈஸ்வரமூர்த்தியும் அந்தச் செங்கல் நிறக் காரைக் கொண்டுவந்தார்கள்.

அவர்களை எங்களுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அந்தக் காரை எங்கள் சந்தையில்தான் வாங்கினார்கள், மூன்றாவது கை வருவதற்கு வெகுநாள் முன்னால். அவளுடைய இரண்டு தங்க வளையல்களும் அவன் சீட்டு எடுத்த பணமும் சேர்ந்து அந்தக் கார் ஆனது. அவன் அதை டாக்ஸியாக ஓட்டினான். டாக்ஸிக்காரனுக்கு உள்ள ஒரே கெட்ட குணம் அவனுக்கும் இருந்தது, சவாரி என்று யார் கூப்பிட்டாலும் மறுக்கத் தெரியாது. அவளுடைய தங்கைக்குக் காங்கேயத்தில் கல்யாணம் வைத்திருந்த அன்று விடியற்காலையில் கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்கு ஒரு சவாரி வந்தது, போய்விட்டு முகூர்த்தத்துக்குள் வந்துவிடலாம் என்று நினைத்து அவளிடம் சொல்லாமலே கிளம்பிவிட்டான். சொந்தக் கார் வைத்திருந்தவள், பட்டுச் சேலையும் கையில் சீர்த்தட்டுமாக டவுன் பஸ்ஸில், அதுவும் நின்றுகொண்டு பாதி வழி, தங்கை கல்யாணத்துக்குப் போனாள். அவன் பந்தியில் ரசம் ஊற்றும்போது வந்து சேர்ந்தான். அவள் ஒன்றும் கேட்கவில்லை, அவன் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று அவனும், சொல்லியிருந்தால் விட்டிருப்பேன் என்று அவளும் நினைத்து நினைத்தே வருஷங்கள் போய்விட்டன. இருவரும் நல்லவர்கள், அதனால்தான் சண்டை இவ்வளவு நாள் நின்றது என்று துளசிமணி சொல்வாள்.

அவள் வீட்டிலேயே மெஸ் வைத்தாள், அவன் டயர்க் கடை மாடியில் ஓர் அறை எடுத்துத் தங்கினான். பெரியவர்கள் கூடிப் பிரித்தார்கள்: பாத்திரம் அவளுக்கு, கட்டில் அவனுக்கு, மிக்ஸி அவளுக்கு, டிவி அவனுக்கு. கார் மட்டும் நடுவில் நின்றது, ஏனென்றால் காரை இரண்டாக வெட்ட முடியாது. அவளுக்குக் கார் வேண்டும். ஒரு பனியன் கம்பெனியில் ஆட்களுக்கெல்லாம் மதியச் சாப்பாடு போட வாய்ப்பு வந்திருந்தது, ஒன்றாம் தேதிக்குள் சொந்த வண்டி இருந்தால்தான் ஆர்டர் என்று சொல்லிவிட்டார்கள். அவனுக்கு அவனுடைய பாதியின் விலை வேண்டும். அது கிடைத்தால் ஒரு லோடு ஆட்டோவுக்கு அட்வான்ஸ் கட்டி ஊரில் இருப்பான், கிடைக்காவிட்டால் நாசிக் பக்கம் லாரிக்குப் போய்விடுவான், போகிறவன் திரும்ப மாட்டான் என்பது அவன் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. அவன் பாதிக்குப் பன்னிரண்டு விரல் கேட்டான், இத்தனை வருஷம் ஓட்டிப் பராமரித்தவன் நான் என்றான். அவள் ஆறு விரலுக்கு மேல் இல்லை என்றாள், வளையல் என்னுடையது என்றாள். இதையும் நேரில் சொல்லிக்கொள்ளவில்லை, மாரப்பன்தான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து நடந்து சொன்னார்.

கடைசியில் மாரப்பனுக்கு முட்டி வலித்துவிட்டது. "துண்டப் போட்டர்லாமா?" என்று கேட்டார்.

"மூணாவது கை வந்தா நான் கை உடறனுங்கண்ணா" என்றாள் வளர்மதி. "அவரு கையை நான் தொட மாட்டேன்."

அந்தப் பக்கம் போய்க் கேட்டபோது ஈஸ்வரமூர்த்தியும் அதையேதான் சொன்னான். "அந்தக் கைகிட்டப் பேசறனுங்க. அவகிட்ட எனக்கு என்னுங்க பேச்சு."

வாயால் சண்டை போடும் விதியை அவர்களுக்காகத் தளர்த்தினோம், ஏனென்றால் பேசவே பேசாதவர்கள் எப்படிச் சண்டை போடுவார்கள். இரண்டு டீயை மட்டும் மௌனமாகக் குடித்தார்கள். பாபுஜான் காரைச் சுற்றி வந்து, பட்டி பூசியிருக்கிறதா என்று காந்தத்தை ஒட்டவைத்துப் பார்த்து, டயரில் வருஷத்தைப் படித்து, கதவு போல்ட்டுகளை யாரும் கழற்றவில்லை என்று பார்த்து, "வண்டி ஒழுக்கமா ஓடியிருக்குது, ஓட்டுனவன் ஒழுக்கமா ஓட்டியிருக்கறான்" என்று சத்தமாகவே சொன்னார். வளர்மதி புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாரப்பன் பானட்டின் மேல் துண்டை விரித்தார். இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். அவளுடைய முகம் புளியமரத்தின் பக்கம், அவனுடைய முகம் ரோட்டின் பக்கம், ஒருவர் முகம் ஒருவர் கண்ணில் படக்கூடாது என்று கழுத்து வலிக்கத் திருப்பி வைத்துக்கொண்டார்கள். அவள் கை உள்ளே போனது, ஒரு மேடு எழுந்தது. அவன் கை உள்ளே போனது, இரண்டாவது மேடு எழுந்தது. சந்தை முழுக்க மூன்றாவது மேட்டுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தது.

அது வரவில்லை.

நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பூ வியாபாரி பார்த்தார், வேறு ஏதோ விற்க வந்திருந்த டிரில் வாத்தியார் பார்த்தார், காரின் அடியில் படுத்திருந்த பாபுஜான் எழுந்து வந்து பார்த்தார். இரண்டு மேடுகள்தான் இருந்தன, அவை தடவிக்கொண்டும் தயங்கிக்கொண்டும் மெதுவாக நடுப் பானட்டை நோக்கி நகர்ந்தன, ஒன்றை ஒன்று தொட்டன, ஒரு விநாடி விலகின, பிறகு ஒரே மேடாக ஆயின. வளையல் குலுங்கியது, அது வளர்மதி போட்டிருந்த கண்ணாடி வளையல். வாட்ச் ஓடியது, அது ஈஸ்வரமூர்த்தி கட்டியிருந்த வாட்ச். அவன் மூன்றாவது கை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான், அவளும் மூன்றாவது கை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

மாரப்பன் நியாயமான தரகர், இருப்பதைச் சொல்லிவிடுகிற ஆள். வாயைத் திறந்தார். துளசிமணி ஒரு கிளாஸ் டீயைக் கொண்டுவந்து அவர் உதட்டிலேயே வைத்துவிட்டாள், சுடச் சுட இருந்த அந்த டீயை அவர் நின்ற இடத்திலேயே குடித்து முடிக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை.

உள்ளே நடந்ததை இருவரும் பிற்பாடு தனித்தனியே துளசிமணியிடம் சொன்னார்கள், அவள் எங்களிடம் சொன்னாள். சந்தை கணக்குப்படி பாதிக்கு ஒன்பது விரல் பெறும். அவள் முதலில் மனசில் இருந்த உண்மையைச் சொன்னாள்: எட்டு என்று பிடித்தாள், ஏனென்றால் அந்தக் கையிடம் பொய் சொன்னால் விரல் வீங்கும். ஆறு என்று சொன்னவளிடமிருந்து எட்டு வருகிறது என்று அவனுக்குத் தெரியாது, நியாயமான கை எட்டு என்று சொல்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டான். பன்னிரண்டு கேட்டதை நினைத்து வெட்கப்பட்டு, லோடு ஆட்டோவுக்கு உண்மையில் எவ்வளவு தேவையோ அதை, ஏழு என்று திருப்பிப் பிடித்தான். நியாயமான கை தனக்காக இறங்கி வருகிறது என்று நினைத்த அவளுக்கும் வெட்கமாகிவிட்டது, வண்டியை ஒழுக்கமாக ஓட்டியிருக்கிறான் என்று பாபுஜான் சொன்னது காதில் இருந்தது, ஒன்பது என்று பிடித்தாள். அவன் ஆறுக்கு இறங்கினான். விற்கிறவன் இறங்க இறங்க வாங்குகிறவள் ஏறினாள், எங்கள் மைதானத்தில் மாடு விற்ற காலத்திலிருந்து அப்படி ஒரு வியாபாரம் நடந்ததில்லை, துண்டு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. அவன் பிடிக்கும்போது அவன் விரல் அவள் மணிக்கட்டின் மேல் ஓடியது, அங்கே ஒரு சுட்ட காயம் இருந்தது, ஆறாத காயம், அதன் மேல் விரலை வைத்து அவன் அப்படியே நின்றுவிட்டான். அவளுக்கு அந்தக் கை நடுங்குவது தெரிந்தது. பிறகு இருவரும் வந்த வழியே கொஞ்சம் திரும்பி, எட்டு விரலும் ஒரு சுரண்டலும் என்ற இடத்தில் நின்றார்கள். அந்தச் சுரண்டலைச் சுரண்டியது யார் என்று கேட்டால், இருவருமே அந்தக் கைதான் சுரண்டியது என்கிறார்கள்.

மாரப்பனின் காதில் இருவரும் சொன்ன விலை ஒன்றாக இருந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீ சூடு என்றார்.

ஈஸ்வரமூர்த்தி இரண்டு சாவியையும் மாரப்பனிடம் கொடுத்தான், மாரப்பன் வளர்மதியிடம் கொடுத்தார், வளர்மதி காரை எடுத்துக்கொண்டு போனாள். கிளட்சை அவள் விட்ட விதம் சரியில்லை என்று அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அன்று மாலை முழுக்கச் சந்தையில் ஒரே பேச்சு. கல்யாணத்தன்று பிடித்த கை, தினம் சோறு போட்ட கை, அது தெரியாமலா இருக்கும் என்றார் பூ வியாபாரி. தெரிந்திருந்தால் உதறியிருப்பார்கள் என்றார் பாபுஜான். அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது என்று சிலரும், அவளுக்குத் தெரியும், அவனுக்குத்தான் எப்போதும் எதுவும் தெரியாது என்று சிலரும் சொன்னோம். எது உண்மையாக இருந்தாலும் எங்களுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த திங்கட்கிழமையும் மூன்றாவது கை வரவில்லை, அதற்கடுத்ததும் வரவில்லை. எதற்காக வந்ததோ அது முடிந்துவிட்டது என்று போயிற்றா, வேறு சந்தையில் வேலை கிடைத்துவிட்டதா, எங்களுக்குத் தெரியாது. சங்கம் அவசரமாகக் கூடி, துண்டுக்குள் கை விடுகிறவர்கள் இனிமேல் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், துண்டைப் பார்க்கக்கூடாது என்று ஒரு விதி செய்தது, காரணம் எழுதவில்லை. அதிசயம் என்னவென்றால், மற்றவர்களின் துண்டில் இரண்டே மேட்டைக் கண்ணால் பார்த்தவர்கள்கூட, தங்கள் முறை வந்து முகத்தைத் திருப்பிக் கையை உள்ளே விட்டதும், தங்களைப் பிடித்த கை அந்தக் கைதான் என்று நம்பி, மீட்டரைத் திருப்பியதை ஒத்துக்கொண்டு, நியாயமாகவே விலை பேசிவிட்டு வருகிறார்கள். விலைகளில் ஒரு குறையும் இல்லை.

ஒன்றாம் தேதி கழிந்து ஒரு திங்கட்கிழமை, ஈஸ்வரமூர்த்தி லோடு ஆட்டோவில் வந்து இறங்கினான். சட்டைப் பையிலிருந்து ஒரு மருந்து டியூபை எடுத்தான், தீக்காயத்துக்குப் போடுகிற களிம்பு. மாரப்பனிடம் நீட்டினான்.

"அந்தக் கையில சுட்ட காயம் இருக்குதுங்கண்ணா. ஆறவே இல்ல போலிருக்குது. இதைப் போட்டு உடுங்க."

"நீயே துண்டுக்குள்ள கையை உட்டுப் போடு தம்பி" என்றார் மாரப்பன்.

"எனக்கு அதுக்குள்ள என்னுங்க இருக்குது. விக்கறதுக்கும் ஒண்ணுமில்ல, வாங்கறதுக்கும் ஒண்ணுமில்ல." சொல்லிவிட்டு அவன் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தான். காலையில் ஒன்றும் சாப்பிடாத முகம்.

மாரப்பன் துளசிமணியைப் பார்த்தார். துளசிமணி அடுப்பை அவரிடமே ஒப்படைத்துவிட்டு, டியூபை முந்தானையில் முடிந்துகொண்டு, இரண்டு தெரு தள்ளியிருக்கும் மெஸ்ஸுக்குப் போனாள். வாசலில் செங்கல் நிறக் கார் நின்றது, பின் சீட்டை எடுத்துவிட்டுச் சாப்பாட்டு அடுக்குகளை ஏற்றிக்கொண்டிருந்தாள் வளர்மதி.

"என்னக்கா இது?"

"மூணாவது கைக்குன்னு ஒருத்தரு குடுத்தாரு அம்மிணி. அதுக்குக் காயம் ஆறிப்போச்சாம். உனக்குக் குடுக்கச் சொல்லுது."

வளர்மதி டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. மூடியைத் திறந்து, மணிக்கட்டில் தடவி, ஊதிக்கொண்டாள். பிறகு உள்ளே போனாள், வெகு நேரம் வரவில்லை, வந்தபோது கையில் மூன்றடுக்குத் தூக்குப் போசி இருந்தது.

"அந்தக் கை அன்னைக்கு நடுங்குச்சுக்கா" என்றாள். "நேரத்துக்குச் சோறு திங்காத கைதான் அப்பிடி நடுங்கும். இதைக் கொண்டுபோயி அதுக்குக் குடுத்துரு."

துளசிமணி தூக்குப் போசியைச் சந்தைக்குக் கொண்டுவந்து மாரப்பனிடம் கொடுத்தாள், மாரப்பன் அதை அங்கே நின்ற ஒரு காரின் பானட் மேல் வைத்துத் தன் துண்டால் மூடினார், ஈஸ்வரமூர்த்தியைக் கூப்பிட்டு, "உள்ள என்னமோ இருக்குது பாரு தம்பி" என்றார். அவன் விதிப்படி முகத்தை ரோட்டின் பக்கம் திருப்பிக்கொண்டு கையை உள்ளே விட்டான். சூடு பட்டதும் கையை எடுக்கப் போனான், எடுக்கவில்லை.

முதல் அடுக்கில் சோறும் கொள்ளுப் பருப்பும், இரண்டாவதில் ரசம். பெஞ்சில் உட்கார்ந்து, நாங்கள் பார்ப்பதைப் பொருட்படுத்தாமல், கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டான். ரசத்தை ஊற்றும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்தினான். மூன்றாவது அடுக்கைத் திறந்தான், அதில் சாப்பாடு இல்லை, செங்கல் நிறக் காரின் இரண்டாவது சாவி இருந்தது.

சந்தையில் அன்றைக்கு நல்ல கூட்டம், ஆனால் ஹாரன் அடிக்கிறவர்கள்கூட அந்த நேரத்தில் அடிக்கவில்லை. சாவியை உள்ளங்கையில் வைத்து அவன் விரல்களை மூடிக்கொண்டான். எங்கள் ஊர்க் கணக்கை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைசியில் எழுந்து, அடுக்குகளைக் கழுவி வைத்துவிட்டு, மாரப்பனிடம் வந்தான்.

"இதை அந்தக் கைதான் குடுத்துச்சுங்களா?"

"ஆமா."

"எத்தன மணிக்கு வரோணும்னு அதைக் கேட்டுச் சொல்லுங்கண்ணா."

மாரப்பன் துண்டை உதறிப் பானட்டின் மேல் மறுபடி விரித்தார். தன் கையை உள்ளே விட்டு, முகத்தைப் புளியமரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு, நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒற்றை மேடாக எழுந்து நின்ற துண்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"நேரத்தோட வரச் சொல்லுது" என்றார்.